அமலேக்குக்காக யாரும் வாதாடவில்லை

கடவுள் இட்ட ஆணையை நிறைவேற்றிவிட்டேன் என்கிறான் சவுல் அரசன். சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஆடுகள் கத்துகின்றன. அப்படியானால் என் காதில் விழும் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார் முதிய தீர்க்கதரிசி சாமுவேல். எபிரேய மறைநூலின் முதலாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில் வரும் இந்தக் காட்சியில் நாடகம் தெரிந்த ஒருவரின் கை தெரிகிறது. குற்றவாளி பேசிக்கொண்டிருக்கும்போதே சாட்சி வாய் திறந்துவிடுகிறது. அதுவும் ஆட்டின் வாய்.

சிரிக்கத் தோன்றும் இடம்தான். அந்த ஆடுகள் எங்கிருந்து வந்தவை என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அமலேக்கியர் என்னும் இனத்தை ஆண், பெண், பால்குடி மாறாத குழந்தை, ஆடுமாடு, ஒட்டகம், கழுதை என ஒன்று விடாமல் அழித்துவிட வேண்டும் என்பது சாமுவேல் வழியாகச் சவுலுக்கு வந்த ஆணை. தெலாயீமில் படை திரண்டது. 2,00,000 காலாட்கள், யூதாவிலிருந்து தனியாக 10,000 பேர் என்று கணக்குச் சொல்கிறது நூல். மக்கள் அனைவரும் வாளுக்கு இரையானார்கள். அரசன் ஆகாக்கும் கொழுத்த கால்நடைகளும் மட்டும் உயிரோடு கில்காலுக்கு ஓட்டிவரப்பட்டார்கள். சவுலின் அரசுரிமை பறிபோனது மக்களைக் கொன்றதற்காக அல்ல. ஓர் அரசனையும் சில ஆடுமாடுகளையும் கொல்லாமல் விட்டதற்காக.

தமிழ்ச் சபைகளில் இந்த அதிகாரம் நன்கு பழகியது. வழிபாட்டைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்ற பாடத்துக்குப் போதகர்கள் முதலில் புரட்டும் பக்கம் இதுவாகத்தான் இருக்கும். பிரசங்கம் பெரும்பாலும் சவுலின் சாக்குப்போக்குகளோடு நின்றுவிடும். குழந்தைகளின் பக்கம் போகாது. போகிறவர்கள், குறிப்பாக மறைநூலைக் குறை சொல்ல வருகிறவர்கள், வேறு ஒரு முடிவுக்கு அவசரப்படுவார்கள்: இரக்கம் காட்டியவனைத் தண்டித்த கடவுள் இவர் என்பார்கள். இரண்டு தரப்பும் அதிகாரத்தைச் சரியாக வாசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். சவுல் இரக்கம் காட்டினான் என்பதற்கு அந்த அதிகாரத்தில் ஓர் ஆதாரமும் இல்லை.

அவன் யாரை விட்டுவைத்தான் என்று பாருங்கள். தன்னைப் போன்ற ஓர் அரசனை. பிறகு முதல்தரமான ஆடுமாடுகளை. நூலாசிரியர் வெகு கவனமாக எழுதுகிறார்: அற்பமானதும் உதவாததுமாக இருந்தவற்றை அவர்கள் அழித்துவிட்டார்கள். பால்குடிக் குழந்தைகள் அந்தக் கணக்கில்தான் போனார்கள். திரும்பி வரும் வழியில் கர்மேலில் சவுல் தனக்கென்று ஒரு வெற்றித்தூண் நிறுத்தினான். சாமுவேல் கேட்டபோது முதலில் ஆணை நிறைவேறிவிட்டது என்றான். பிறகு மக்கள்தான் பலியிடுவதற்காக நல்லவற்றை வைத்துக்கொண்டார்கள் என்றான். கடைசியில் மக்களுக்குப் பயந்து அவர்கள் சொன்னபடி கேட்டேன் என்றான். மூன்று பதில்களில் ஒன்றில்கூட 'மனம் வரவில்லை' என்று இல்லை. மனம் வராதவன் ஒருவன் அந்தப் போரில் இருந்திருந்தால் அவன் விட்டுவைத்திருக்கக்கூடியது வேறு.

அதே அதிகாரத்தில் உண்மையான கருணை ஒன்று நடக்கிறது, யாரும் கவனிக்காமல். அமலேக்கியரோடு சேர்ந்து வாழ்ந்த கேனியருக்குச் சவுல் முன்கூட்டியே ஆள் அனுப்பி, விலகிப் போய்விடுங்கள் என்கிறான். எகிப்திலிருந்து இஸ்ரயேலர் வந்தபோது கேனியர் அன்பு காட்டினார்களாம், அதற்கு நன்றிக்கடன். ஆணையில் இப்படி ஒரு விலக்கு சொல்லப்படவே இல்லை. சவுலே சேர்த்துக்கொண்டான். சாமுவேலும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆக, ஆணைக்குள் இடம் பண்ணிக்கொள்ள வழி இருந்திருக்கிறது. சவுல் அதை ஒருமுறை பயன்படுத்தவும் செய்தான். பிறகு மறந்துவிட்டான், அல்லது தேவைப்படவில்லை.

எபிரேய மறைநூல் இரக்கமுள்ள மனிதனிடம் எதிர்பார்ப்பது இரகசியமான மீறலை அல்ல, வாதத்தை. இதற்கு முன்மாதிரி ஆபிரகாம். சோதோம் அழியப்போகிறது என்று தெரிந்ததும் அவர் கடவுளை வழிமறிக்கிறார். 50 நீதிமான்கள் இருந்தால்? 45 பேர் இருந்தால்? 40, 30, 20, 10 என்று ஆறுமுறை கேட்டு எண்ணிக்கையை இறக்கிக்கொண்டே வருகிறார். சந்தையில் பேரம் பேசுகிற தொனி இருந்தாலும் அவர் முன்வைப்பது நியாயத்தின் கேள்வி: உலகத்துக்கே நீதிபதியானவர் நல்லவனையும் கெட்டவனையும் சேர்த்து அழிக்கலாமா? கடவுள் ஒருமுறைகூட எரிச்சல்படுவதில்லை. பொன் கன்றுக்குட்டி விவகாரத்தில் மோசே இன்னும் ஒரு படி மேலே போகிறார். இந்த மக்களை மன்னிக்க முடியாதென்றால் உமது புத்தகத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிடும் என்கிறார். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூத்தில், பெராகோத் என்னும் பகுதியில், ஒருவன் நண்பனின் சட்டையைப் பிடித்து உலுக்குவதுபோல மோசே கடவுளைப் பிடித்துக்கொண்டு, மன்னிக்கும்வரை விடமாட்டேன் என்றார் என ஒரு கூற்று வருகிறது. யூத மறைநூல் அறிஞர்களான ரப்பிகள் இதை அபச்சாரமாக எண்ணவில்லை. இது மோசேயின் பெருமை அவர்களுக்கு.

இந்தப் பின்னணியோடு 15ஆம் அதிகாரத்துக்குத் திரும்பினால் உறுத்துவது ஒரு மௌனம். ஆணை வருகிறது, சவுல் எதுவும் கேட்பதில்லை. சாமுவேல் கேட்கிறார், ஆனால் அமலேக்கியருக்காக அல்ல. சவுலை அரசனாக்கியதற்குக் கடவுள் மனம் வருந்தினார் என்று தெரிந்ததும் இரவு முழுக்கக் கூப்பிட்டு முறையிடுகிறார். அந்த இரவு சவுலுக்கானது. குழந்தைகளுக்காக ஒரு நிமிடமும் யாரும் குரல் எழுப்பவில்லை. ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத சவுலும் சாமுவேலும் ஒத்துப்போகிற ஒரே இடம் அதுதான்.

ஆனால் நூல் முழுக்க மௌனமாகவும் இல்லை. மனம் வருந்தும் கடவுள் என்று 11ஆம் வசனத்தில் சொல்லிவிட்டு, மனம் வருந்த அவர் மனிதன் அல்ல என்று 29ஆம் வசனத்தில் சாமுவேலைச் சொல்லவைத்து, 35ஆம் வசனத்தில் மறுபடியும் அவர் வருந்தினார் என்கிறது. தொகுத்தவருக்கு இது தெரியாமல் போயிருக்காது. இன்னொன்று, ஆகாக்கின் கடைசி நிமிடம். அமலேக்கியர் அழிய வேண்டியதற்குக் காரணமாக ஆணையில் சொல்லப்பட்டது, எகிப்திலிருந்து வந்த இஸ்ரயேலரை அவர்கள் வழியில் தாக்கிய பழைய குற்றம். பல தலைமுறைகளுக்கு முந்தையது. ஆகாக்கை வெட்டும்போது சாமுவேல் அதைச் சொல்லவில்லை. உன் வாள் பல பெண்களைப் பிள்ளையற்றவர்களாக்கியது, இனி உன் தாயும் அப்படி ஆவாள் என்ற கருத்தில் பேசுகிறார். தண்டனை கைக்கு வரும் கணத்தில் குற்றச்சாட்டு மாறிவிடுகிறது: முன்னோர் செய்ததற்காக அல்ல, நீ செய்ததற்காக. வாதாடாத சாமுவேலுக்கும் ஆணையின் காரணத்தை அப்படியே உச்சரிக்க நாக்கு எழவில்லைபோலும்.

அமலேக்கின் குற்றம் எது என்பதை உபாகமம் 25ஆம் அதிகாரம் விளக்குகிறது. பாலைவனத்தில் களைத்துத் தளர்ந்து, கூட்டத்தின் பின்னால் வந்துகொண்டிருந்த பலவீனர்களை அவர்கள் வெட்டினார்கள். முன்னணிப் படையோடு மோதவில்லை. நடக்க முடியாதவர்களை அடித்தார்கள். ஆகவே அமலேக்கின் நினைவை வானத்தின் கீழிருந்து துடைத்துவிடு, இதை மறக்காதே என்கிறது சட்டம். பக்கத்தைத் திருப்பினால், அதே நூலின் 24ஆம் அதிகாரத்தில், தந்தையர் குற்றத்துக்காகப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது, அவனவன் தன் குற்றத்துக்கே சாக வேண்டும் என்று இருக்கிறது. இரண்டு சட்டங்களுக்கும் இடையே முழுதாக ஓர் அதிகாரம்கூட இல்லை. எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் இந்த இரண்டாம் கொள்கையை ஒரு தத்துவமாகவே வளர்த்தெடுக்கிறது. யூதாவின் அரசன் அமத்சியா தன் தந்தையைக் கொன்றவர்களின் பிள்ளைகளைக் கொல்லாமல் விட்டதற்கு இந்தச் சட்டமே காரணம் என்று இரண்டாம் இராஜாக்கள் நூல் குறித்துவைத்திருக்கிறது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதற்கு எண்ணாகமத்துக்கு ரப்பிகள் தந்த விளக்கத் தொகுப்பான மித்ராஷ் ஒரு கதை சொல்கிறது. இந்தப் பொருளில் நான் படித்தவற்றில் மிகத் துணிச்சலானது. பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடம் விசாரிப்பேன் என்று கடவுள் சொன்னபோது மோசே மறுத்துப் பேசினாராம். தேராகு சிலை வணங்கினான், அவன் மகன் ஆபிரகாம் நல்லவர். ஆகாஸ் கெட்டவன், அவன் மகன் எசேக்கியா நல்லவன். ஆமோன் கெட்டவன், அவன் மகன் யோசியா நல்லவன். தந்தை செய்ததற்கு இவர்கள் அடிபடுவது நியாயமா? (எசேக்கியாவும் யோசியாவும் மோசேக்கு எத்தனையோ நூற்றாண்டு கழித்துப் பிறந்தவர்கள் என்பது மித்ராஷுக்கு ஒரு பொருட்டே இல்லை.) நீ எனக்குக் கற்றுக்கொடுத்தாய், என் சொல்லை நீக்கிவிட்டு உன் சொல்லை நிறுவுகிறேன் என்றாராம் கடவுள். அமத்சியாவின் கதையில் அந்தச் சட்டம் மோசேயின் நூலில் எழுதியபடி என்று மோசேயின் பெயரோடு வருவதற்குக் காரணம் இதுவே என்று முடிக்கிறது மித்ராஷ்.

அதே பத்தி சீகோன் கதையையும் சேர்த்துக்கொள்கிறது. எமோரிய அரசன் சீகோனோடு போர் தொடங்கு என்று உபாகமம் 2ஆம் அதிகாரத்தில் ஆணை வருகிறது. இரண்டே வசனம் தள்ளி மோசே அவனிடம் சமாதானத் தூது அனுப்புகிறார். எந்த இடைவிளக்கமும் இல்லை. நேரடியாகப் பார்த்தால் இது சவுல் செய்ததைவிடப் பச்சையான கீழ்ப்படியாமை. மித்ராஷின்படி கடவுள் இதற்கும் சம்மதித்தார். எந்த நகரை முற்றுகையிட்டாலும் முதலில் சமாதானம் கூறவேண்டும் என்ற உபாகமம் 20ஆம் அதிகாரச் சட்டம் மோசேயின் இந்தச் செயலிலிருந்து பிறந்தது. ஆணையை மீறியவரின் மீறல் சட்டமாகிறது. சவுலின் மீறலோ அவன் முடியைப் பறித்துவிடுகிறது. வேறுபாடு எங்கே? மோசே பிறர் உயிருக்காக மீறினார், அதுவும் ஒளிவுமறைவில்லாமல். சவுல் கொழுத்த ஆடுகளுக்காக மீறிவிட்டு, மீறவில்லை என்றான்.

மறைநூல் சவுலுக்குக் கொடுக்காத வாதத்தை ரப்பிகள் கொடுத்தார்கள். தல்மூத்தின் யோமா பகுதியில் ரப்பி மனி சொல்வதாக வருகிறது. ஆணை வந்ததும் சவுல் இப்படி யோசித்தானாம்: வயல்வெளியில் யாரென்று தெரியாதவனால் கொல்லப்பட்ட ஒரே ஒரு மனிதனுக்காக ஒரு கிடாரியின் கழுத்தை முறித்துப் பரிகாரம் செய்யச் சொல்கிறது மோசேயின் சட்டநூலான தோரா, அப்படியிருக்க இத்தனை உயிர்களுக்கு என்ன செய்வது? மனிதர் பாவம் செய்திருக்கலாம், விலங்குகள் என்ன செய்தன? பெரியவர்கள் செய்திருக்கலாம், சிறுவர்கள் என்ன செய்தார்கள்? அடுக்கிப் பாருங்கள், இன்றைய வாசகன் கேட்பதெல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் தல்மூத்தில் அவனுக்குக் கிடைக்கும் பதில் ஆறுதலானது அல்ல. அளவுக்கு மீறி நீதிமானாக இராதே என்று ஒரு வான்குரல் அவனை அடக்குகிறது. பின்னொரு நாள் நோப் ஊரின் ஆசாரியர்களை வெட்டிப்போடு என்று சவுல் தன் பணியாளன் தோவேக்குக்குச் சொன்னபோது மறுபடியும் வான்குரல் வருகிறது: அளவுக்கு மீறிக் கெட்டவனாகவும் இராதே.

இரண்டு சம்பவங்களையும் ரப்பிகள் ஒன்றாக வைத்தது வெறும் சாமர்த்தியம் அல்ல. மூலநூலே அப்படித்தான் கோத்திருக்கிறது. தாவீதுக்கு அப்பமும் வாளும் கொடுத்த குற்றத்துக்காக நோபில் 85 ஆசாரியர்கள் கொல்லப்பட்டார்கள். பிறகு ஊரார்: ஆண்கள், பெண்கள், சிறுவர், பால்குடிக் குழந்தைகள், மாடு, கழுதை, ஆடு. அமலேக்குக்கு விதித்த அதே பட்டியல். ஒட்டகம் மட்டும் இல்லை. கடவுள் கட்டளையிட்டபோது பாதியில் நிறுத்தியவன், யாரும் கட்டளையிடாதபோது தன் சொந்த மக்கள்மேல் அதை முழுதாக நிறைவேற்றினான். கொடியவருக்கு இரங்குகிறவன் கடைசியில் இரங்கத்தக்கவரிடம் கொடுமை காட்டுவான் என்று ரேஷ் லாகிஷ் பெயரில் வரும் மித்ராஷ் பழமொழி இங்கிருந்து வந்தது. அது நன்றாகச் சொல்லப்பட்ட வாக்கியம்தான். ஆனால் சிறுவர்கள் என்ன செய்தார்கள் என்ற கேள்விக்கு அது பதில் அல்ல. கேள்வியை அழகாக எழுப்பிவிட்டு, கேட்டவனின் பிற்கால நடத்தையைக் காட்டி வாயை அடைப்பது வக்கீல் தந்திரம். ஆனாலும் கேள்வியை அவர்கள் தல்மூத்தில் பதிந்துவைத்தார்கள், அழித்துவிடவில்லை.

நோப் காட்சியில் வேறொரு விஷயம் இருக்கிறது. சவுல் முதலில் தன் மெய்க்காவலர்களுக்கே ஆணையிடுகிறான். அவர்கள் கையை நீட்ட மறுத்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் ஏதோமியனான தோவேக்கு முன்வருகிறான். அந்தக் காவலர்கள் அப்னேரும் அமாசாவும் என்று ஒரு மரபு பெயர் சூட்டுகிறது. அப்னேர் மறுத்தது போதாது, தடுத்திருக்க வேண்டும் என்று இன்னொரு குரல் குறை சொல்கிறது. பார்வோனின் ஆணையை மீறி எபிரேய ஆண்குழந்தைகளைப் பிழைக்கவைத்த சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அரசன் ஆணைக்கு மறுப்புச் சொல்வதில் எபிரேய மரபுக்குத் தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் அதற்கும் மேலே உள்ள ஆணையிடம்தான்.

அங்கே மிகக் கடினமான இடம் மோரியா மலை. சோதோமுக்காக ஆறுமுறை வாதாடிய ஆபிரகாம், மகனைத் தகனபலியாக்கு என்ற சொல்லுக்கு ஒரு வார்த்தைகூடத் திருப்பிச் சொல்லாமல் அதிகாலையில் எழுந்து கழுதையைக் கட்டுகிறார். தத்துவவாதி கீர்க்ககார்ட் 1843இல் எழுதிய 'அச்சமும் நடுக்கமும்' இந்த மௌனத்தைச் சுற்றியே சுழல்கிறது. ஆபிரகாமை விசுவாசத்தின் வீரனாக அவர் காண்கிறார். அறத்தையே தற்காலிகமாக நிறுத்திவைக்கும் நம்பிக்கை என்கிறார். எனக்கு அதைவிடத் தல்மூத்தின் தானித் பகுதி சொல்வது நெருக்கமாகப் படுகிறது. பிள்ளைகளைத் தீயிலிட நான் கட்டளையிடவில்லை, சொல்லவுமில்லை, என் மனதில் தோன்றவுமில்லை என்ற கருத்தில் எரேமியா நூலில் கடவுள் பேசுகிறார். இந்த மூன்று மறுப்பையும் ரப்பிகள் மூன்று பேருக்குப் பங்கிடுகிறார்கள்: முதலாவது, மோவாப் அரசன் மேசா பலியிட்ட மகன், இரண்டாவது, யெப்தாவின் மகள், மூன்றாவது, ஆபிரகாமின் மகன் ஈசாக்கு. ஆதியாகமம் 22இல் கடவுளே கேட்டார் என்று எழுதியிருக்க, அது அவர் மனதிலேயே தோன்றவில்லை என்று வாசிக்கத் துணிந்திருக்கிறார்கள்.

மேசா கதாபாத்திரம் மட்டுமல்ல, வரலாற்று மனிதன். அவன் நிறுத்திய கருங்கல் 1868இல் இன்றைய ஜோர்தானின் திபானில் கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 9ஆம் நூற்றாண்டு. தன் தெய்வம் காமோஸ் நேபோ என்னும் ஊரைப் பிடிக்கச் சொன்னதாகவும், இரவில் போய் விடியற்காலை முதல் நண்பகல்வரை போரிட்டு அங்கிருந்த 7,000 பேரைக் கொன்று தெய்வத்துக்கு அர்ப்பணித்ததாகவும் அதில் எழுதியிருக்கிறான். சாமுவேல் சவுலிடம் சொன்ன அதே வழக்கம், அதே மொழிக்குடும்பத்துச் சொல். ஒரே வித்தியாசம், இங்கே கொல்லப்பட்டவர்கள் இஸ்ரயேலர். கடவுளுக்குப் பகைவரை முழுதாகக் காணிக்கையாக்கும் 'ஹேரெம்' இஸ்ரயேல் மட்டும் கண்டுபிடித்த கொடுமை அல்ல, அந்த வட்டாரத்தின் போர்மொழி என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. அந்த மொழியில் மிகையும் அதிகம். எகிப்திய அரசன் மெர்னெப்தா ஏறத்தாழ கி.மு. 1208இல் நிறுத்திய கல் இஸ்ரயேலின் வித்தே இல்லாமற்போனது என்று பெருமை பேசுகிறது. மேசாவும் இஸ்ரயேல் என்றென்றைக்கும் அழிந்தது என்கிறான். வேதாகமத்துக்கு வெளியே இஸ்ரயேல் என்ற பெயர் தென்படும் மிகப் பழைய ஆவணங்களில் இரண்டு, அது ஒழிந்துவிட்டது என்று அறிவிப்பவை.

ஆகாக் ஒருவனைத் தவிர எல்லாரையும் சவுல் கொன்ற பிறகும் அமலேக்கியர் மறுபடி மறுபடி வருகிறார்கள். அதே நூலில் பின்னால் அவர்கள் சிக்லாகுவைச் சுட்டெரிக்கிறார்கள். தாவீது துரத்திப் போய் வெட்டியும் 400 இளைஞர்கள் ஒட்டகம் ஏறித் தப்புகிறார்கள். கில்போவா மலையில் சாகக் கிடந்த சவுலை நான்தான் கொன்றேன் என்று வந்து சொல்பவனும் ஓர் அமலேக்கியனே. இதுவரை கிடைத்த எகிப்திய, அசீரிய ஆவணங்களில் இந்த இனத்தின் பெயர் உறுதியாக அடையாளம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், 15ஆம் அதிகாரம் போர்ச் செய்திக்குறிப்பாக அல்ல, சவுலின் வீழ்ச்சியை விளக்கப் பின்னாளில் செதுக்கப்பட்ட கதையாகவே தோன்றும். ஆய்வாளர்கள் பலர் இப்படித்தான் கொள்கிறார்கள். இதனால் அறச்சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சிலர் நிம்மதிப்படுவதுண்டு. நடக்காத கொலைக்குக் கடவுள் ஆணையிட்டதாக எழுதினாலும், வாசிப்பவர் அதை ஆணையாகத்தான் வாசிக்கிறார்.

இரக்கத்துக்கு எதிராகவும் ஒருவர் வாதாடியிருக்கிறார்: யோனா. நினிவேக்கு எதிராகப் பேசு என்ற ஆணை வந்ததும் எதிர்த் திசையில் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுகிறார். பயத்தினால் அல்ல. கடவுள் இரக்கமுள்ளவர், தீங்கு செய்யாமல் மனம் மாறிவிடுவார் என்று தெரிந்ததால்தான் ஓடினேன் என்று 4ஆம் அதிகாரத்தில் குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோலச் சொல்கிறார். சீனாய் மலையில் மோசே கேட்ட கடவுளின் குணங்களையே புகாராக மாற்றிவிடுகிறார். நினிவே அசீரியாவின் நகரம், கி.மு. 722 வாக்கில் சமாரியாவை வீழ்த்தி வட இஸ்ரயேலை இல்லாமல் செய்த பேரரசு அது. அமலேக்கைவிடப் பெரிய பகைவன். அந்த நகரத்தின் 1,20,000க்கும் மேற்பட்ட, வலது இடது தெரியாத மக்களுக்காகவும் திரளான மிருகங்களுக்காகவும் நான் பரிதாபப்படக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு நூல் நின்றுவிடுகிறது. ரப்பி மனி சவுலின் வாயில் வைத்த வாதத்தில் பாதி, சிறியவர்களும் விலங்குகளும், இங்கே கடவுளின் வாயிலேயே வருகிறது. யூதர்கள் பாவநிவாரண நாளின் பிற்பகலில் யோனாவை வாசிக்கிறார்கள். பூரிம் பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாளில் அமலேக்கை நினைவுகூரும் பகுதியையும் சவுலின் கதையையும் வாசிக்கிறார்கள். இரண்டையும் ஒரே ஆண்டுச் சுற்றில் வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றை விலக்கிவிட ஒருபோதும் முயன்றதில்லை.

யூதத் தத்துவவாதி மார்ட்டின் பூபர் தன் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வழியில் சந்தித்தவர் சட்டங்களை அணுப் பிசகாமல் கடைப்பிடிக்கும் யூதர். பேச்சு ஆகாக்கில் வந்து நின்றது. இது கடவுளின் செய்தி என்று என்னால் ஒருநாளும் நம்ப முடிந்ததில்லை என்றார் பூபர். எதிரிலிருந்தவரின் முகம் இறுகியது. நம்பவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வேறு எதைத்தான் நம்புகிறீர்கள்? சாமுவேல் கடவுளைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நம்புகிறேன் என்றார் பூபர். நீண்ட மௌனத்துக்குப் பிறகு, இறுக்கம் தளர்ந்த முகத்தோடு, தானும் அப்படித்தான் நினைப்பதாக அவர் சொன்னாராம். மறைநூலா கடவுளா என்று தேர்ந்தெடுக்கவேண்டி வந்தால் இப்படிப்பட்டவர் கடவுளைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை என்கிறார் பூபர், ஆனாலும் அது தனக்கு முக்கியமாகப் பட்டது என்கிறார். அந்த உணர்வில் எனக்குப் பங்கு உண்டு. ஆனால் தீர்க்கதரிசியைச் செவிடனாக்கிவிட்டால் மற்ற ஆணைகளை யார் நம்பி ஏற்பது என்று அந்தப் பயணி பூபரிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

ரப்பிகள் பூபரின் வழியில் போகவில்லை. ஆணை உண்மையானது என்று வைத்துக்கொண்டே, அதன் கால்களைக் கட்டினார்கள். அமலேக்கின் தாய் திம்னாள் யார் என்று சன்ஹெத்ரின் பகுதி கேட்கிறது. அவள் ஓர் அரச குலத்துப் பெண். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு மூவரிடமும் போய்த் தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்டாள், மூவரும் மறுத்தார்கள். கடைசியில் ஏசாவின் மகன் எலிப்பாசுக்கு மறுமனையாட்டியாகவாவது இருக்கிறேன் என்று போனாள். இஸ்ரயேலை வாட்டிய அமலேக்கு அவளுக்குப் பிறந்தான். அவளைத் தள்ளியிருக்கக் கூடாது என்பது தல்மூத்தின் தீர்ப்பு. நித்தியப் பகைவன் உருவானதற்கு முதற்காரணம் நம் முற்பிதாக்களின் கதவடைப்பு என்று ஒப்புக்கொள்கிற சமூகங்கள் அதிகம் இல்லை. இன்னொரு மரபு இன்னும் மேலே போகிறது: ஆகாக்கின் வம்சத்தவன் என்று எஸ்தர் நூல் சொல்லும் ஆமானின் சந்ததியார் பெனே பெராக்கில் தோரா கற்பித்தார்களாம்.

சட்டவாதிகளுக்கு வேறு வழி கிடைத்தது. அம்மோனியனான யூதா என்பவன் சபையில் சேரலாமா என்ற விவாதம் தல்மூத்தின் அடிநூலான மிஷ்னாவின் யாதாயிம் பகுதியில் வருகிறது. சேரக்கூடாது என்றார் ரப்பன் கமாலியேல், மறைநூலைக் காட்டி. அசீரிய அரசன் சனகெரிப் எல்லா இனங்களையும் கலந்துவிட்டான், இன்று யார் அம்மோனியன் என்று யாருக்குத் தெரியும் என்றார் ரப்பி யெகோசுவா. அவர் பக்கம் வென்றது. 19ஆம் நூற்றாண்டில் தார்னோபோலில் யோசேப்பு பாபாத் எழுதிய 'மின்காத் கினூக்' இதே காரணத்தை அமலேக்குக்கும் நீட்டியது: இனம் கலந்துவிட்டது, ஆணை நிறைவேற்ற ஆளில்லை.

ஆனால் ஒரு பெயர் சட்டப்புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் போதகர் காட்டன் மாதர் 1689இல் படைவீரர்களுக்குப் பிரசங்கித்தபோது பூர்வகுடியினரை அமலேக்கு என்றார். 1994 பிப்ரவரி 25, பூரிம் நாள், எபிரோனின் இப்ராகிமி பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பாலஸ்தீனியரை பாரூக் கோல்ட்ஸ்டீன் சுட்டுக்கொன்றான். அதற்கு முந்தைய ஓய்வுநாளில் எங்கும் வாசிக்கப்பட்டிருந்த பகுதி அமலேக்கை நினை என்பது. 2023 அக்டோபரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு அமலேக்கை நினைவூட்டிப் பேசியதைத் தென்னாப்பிரிக்கா 2024 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றத்தில் இனஅழிப்பு நோக்கத்துக்குச் சான்றாக வைத்தது. அது ஹமாஸைக் குறித்தது என்று அவர் அலுவலகம் மறுத்தது.

இன்றைய சர்ச்சையின் சட்ட வேர், 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிதீஸ் தொகுத்த சட்ட நூலில், அரசர்களுக்கான விதிகளின் 5ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கானானின் ஏழு இனங்களை அழிக்கும் கட்டளையைச் சொல்லிவிட்டு, அவர்களின் நினைவே அழிந்துவிட்டது என்று சேர்க்கிறார். அடுத்த விதி அமலேக்கு. அங்கே அந்த வாக்கியம் இல்லை. விடுபட்ட அந்தச் சொற்களில் ஓர் அர்த்தம் கண்டார் ரப்பி மோசே சோலவெய்ச்சிக்: இஸ்ரயேலை ஒழிக்க முனையும் எந்தத் தேசமும் அமலேக்கே. அவர் மகன் யோசேப்பு சோலவெய்ச்சிக் 1956இல் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவத்தில் இதைப் பதிவுசெய்தார். ஒழிக்கத் துடிப்பவரை எதிர்கொள்ள வேண்டிய ஒரு தலைமுறையின் பேச்சு அது, ஐரோப்பிய யூதர்கள் கொல்லப்பட்டு பதினோரு ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆனால் மின்காத் கினூக் மூடிய கதவு இதனால் திறந்துகொள்கிறது.

திறப்பவர்கள் மைமோனிதீஸின் அடுத்த அதிகாரத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். 6ஆம் அதிகாரத்தின் முதல் விதி, எந்தப் போரானாலும், கட்டாயப் போரே ஆனாலும், முதலில் சமாதானம் கூற வேண்டும் என்பது. நான்காம் விதி, சமாதானத்துக்கு வராத ஏழு இனங்களையும் அமலேக்கையும்தான் கொல்லச் சொல்கிறது. வந்தால்? அதற்கு உரை எழுதிய 16ஆம் நூற்றாண்டு சாபேத்தின் யோசேப்பு காரோ விளக்குகிறார்: நோவாவின் மக்கள் எல்லோருக்குமான ஏழு கட்டளைகளை ஏற்றுக்கொண்டவர் அப்போதே அமலேக்கு என்ற வகையிலிருந்து வெளியேறிவிடுகிறார், மற்றத் தகுதியுள்ள மனிதரைப் போல ஆகிவிடுகிறார். இரத்தத்தில் இருந்த பகை இங்கே நடத்தைக்கு இடம் மாறிவிட்டது. தேசத்தைப் பார்த்து அமலேக்கு என்று சொல்ல 5ஆம் அதிகாரத்தின் மௌனம் போதும் என்று நினைப்பவருக்கு, அந்தத் தேசத்தில் ஒவ்வொருவருக்கும் வெளியேற வழி வைத்த இந்த விதி விருப்பத்தேர்வு அல்ல. அதுவும் அதே மைமோனிதீஸ் எழுதியதுதான்.